நர்சம்மா பதில்கள்: உலகம் கவிழ்ந்தால் ஏற்காட்டுக்கு ஏறிவிடலாமா?

(சேர்வராயன் மலைக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சேலம் கன்னங்குறிச்சியில் இருந்துகொண்டு வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எனக்கு 41 வயது, மென்பொருள் வேலை. 2020 ஊரடங்கு நாளிலிருந்து ஒரு பயம் பிடித்துக்கொண்டது. போரோ, புது நோயோ, மின்சாரம் மொத்தமாக நின்றுபோவதோ ஏதோ ஒன்று வரத்தான் போகிறது. அன்றைக்குக் கடை, வங்கி, போலீஸ் எதுவும் இருக்காது. அதனால் ஏற்காட்டில் வெள்ளக்கடைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் வாங்கி, வீடு கட்டி, சோலார் போட்டு, நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இரண்டு வருஷம் சாப்பிட அரிசி, ராகி, பருப்பு சேர்த்துவிட்டேன். பட்டியலை இணைத்திருக்கிறேன். கல்லூரி நண்பர்கள் ஆறு பேர், "தனியாக இருந்தால் செத்துப்போவாய். எல்லாக் குடும்பமும் சேர்ந்து பத்து ஏக்கர் வாங்குவோம். பொதுச் சமையல், பொதுக் களஞ்சியம், எதுவானாலும் ஓட்டுப் போட்டு முடிவு" என்கிறார்கள். கூட்டம் என்றால் சண்டை வரும், பசி வந்தால் நண்பனே திருடுவான் என்று எனக்குத் தோன்றுகிறது. தனியாக இருப்பதா, சேர்ந்து இருப்பதா?
*பெயர் வேண்டாம், அழகாபுரம், சேலம்*

பதில்: தம்பி, பட்டியலை இரண்டு தடவை படித்தேன். தண்ணீர் வடிகட்டியே மூன்று வகை வைத்திருக்கிறீர்கள். உப்பைத்தான் காணோம்.

சேலத்துக்குக் கடல் கிடையாது. நம் உப்பு வேதாரண்யத்திலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் லாரி ஏறி வருகிறது. மலையில் ராகி விளையும், சாமை விளையும், மிளகும் காப்பியும் விளையும். உப்பு மட்டும் எந்த ஜென்மத்திலும் விளையாது. சைபீரியக் காட்டில் லைக்கோவ் என்று ஒரு குடும்பம் இருந்தது. தங்கள் மதத்துக்கு வந்த துன்பத்துக்குப் பயந்து 1936-ல் காட்டுக்குள் போனவர்கள், 1978-ல் நிலவியல் ஆட்கள் கண்ணில் படும் வரை வெளியுலகத்தோடு ஒட்டுறவே இல்லாமல் இருந்தார்கள். இரண்டாம் உலகப் போர் நடந்ததுகூட அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் ஆசைப்படும் தனிமை அவர்களுக்கு முழுசாகவே கிடைத்தது. 1961-ல் ஜூன் மாதம் பனி விழுந்து பயிர் மொத்தமும் போனது. பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று தாய் பட்டினி கிடந்து செத்தாள். ஒரே ஒரு ரை தானியம் முளைத்தது. எலியும் அணிலும் அண்டாமல் ராப்பகலாக அதைக் காவல் காத்து, அதிலிருந்து விதையைப் பெருக்கினார்கள். அப்படிப்பட்ட வைராக்கியக்காரர்கள், வந்தவர்கள் நீட்டிய பொருள்களில் முதலில் வாங்கிக்கொண்டது உப்பை. உப்பில்லாத வாழ்க்கை பெரிய வேதனை என்று அந்தக் கிழவரே சொன்னாராம்.

இன்னொருவர் அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்துக் காட்டில் 27 வருஷம் தனி ஆளாக இருந்தார். 2013-ல் பிடிபட்டபோது அவர் நின்றிருந்தது ஒரு முகாமின் சமையலறையில். திருடப் போயிருந்தார். அதுவரை ஆயிரம் தடவைபோல் திருடியிருப்பதாக அவரே ஒப்புக்கொண்டார். ஊரார் கடைக்குப் போய் வாங்கி வைத்ததைத்தான் அந்தத் தனிமனிதர் இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறார்.

சேர்த்து வைப்பதை நான் குறை சொல்லவில்லை. ஏற்காட்டிலேயே உங்களுக்கு முன்னோடி உண்டு. கிரேஞ்ச் எஸ்டேட் பங்களாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1857 கலகத்தின்போது வெள்ளைக்காரர்கள் அதன் சுவரைப் பலப்படுத்தி, பீரங்கி ஏற்றி, ஆறு மாதத்துக்கான சாமான் வைக்க நிலவறை வெட்டினார்கள் என்று சொல்வார்கள். கலகம் மலைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த மூட்டைகளை மலைமேல் சுமந்து ஏற்றியவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி என் தொழிலுக்கு வருகிறேன். உங்கள் மருந்துப் பெட்டியில் கட்டுத்துணி, பாரசிட்டமால், ஆன்டிபயாடிக் எல்லாம் இருக்கின்றன, நல்லது. பாம்பு கடித்தால்? நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்குக்கும் சேர்த்து ஒரே விஷமுறிவு மருந்துதான். சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பாம்பு பிடித்து விஷம் எடுக்க, அதைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, குதிரையின் ரத்தத்திலிருந்து மருந்தைப் பிரித்து, தூளாக்கிக் குப்பியில் அடைக்கிறார்கள். ஒரு கடிக்கு எடுத்த எடுப்பில் எட்டு முதல் பத்துக் குப்பி வரை போகும். ஊசி ஏறும்போதே சிலருக்கு ஒவ்வாமை வந்து மூச்சு முட்டும். அதைச் சமாளிக்க ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். பாம்பு பிடிக்கிறவர், குதிரை வளர்க்கிறவர், டாக்டர், நர்ஸ் இத்தனை பேரும் இருந்தால்தான் உங்கள் கால் பிழைக்கும்.

அதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டுமே. சாலை போகாத ஊர்களில் நோயாளியைத் தூளி கட்டித்தான் இறக்குவார்கள். நீளமான மூங்கில் கழியில் போர்வையை முடிந்து, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். சரிவில் தோள் சீக்கிரம் விட்டுப்போகும், மாற்றுத் தோளுக்கு ஆட்கள் கூடவே நடப்பார்கள். ராத்திரி என்றால் விளக்குப் பிடிக்க ஒருவர், காட்டுமாடு நிற்கிறதா என்று முன்னால் போய்ப் பார்க்க ஒருவர். எட்டுப் பேராவது வேண்டும். பிரசவ வலியில் இருந்த பெண்களை அப்படி நாகலூர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு வந்த ஆண்களில் பாதிப் பேர் அந்தப் பெண்ணுக்குச் சொந்தக்காரர்கள்கூட இல்லை. யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் எழுந்து வருவார்கள், அது அங்கே வழக்கம். உங்கள் ஒன்றரை ஏக்கரில் நீங்கள் கடிபட்டு விழுந்தால் மனைவியும் பிள்ளைகளும்தான் தூக்க வேண்டும்.

உலகம் அழிகிற வரை காத்திருக்கவும் வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டில் கொட்டியபோது மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நின்றுபோனது. கொண்டை ஊசி வளைவு இருபதையும் நம்பியிருந்தவர்கள் குப்பனூர் வழியாகச் சுற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவு சொல்கிறேனே என்று நண்பர்கள் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அந்தப் பத்து ஏக்கர் திட்டம் உங்கள் திட்டத்தைவிட மோசம் என்று நினைக்கிறேன். ஏழு குடும்பத்தில் ஏர் ஓட்டத் தெரிந்தவர் எத்தனை பேர்? ஆடு மாட்டுக்குப் பிரசவம் பார்க்கத் தெரிந்தவர்? ஏழு பேரும் ஒரே வகுப்பில் ஒரே பாடம் படித்தவர்கள். ஒருவருக்குத் தெரியாதது மற்ற ஆறு பேருக்கும் தெரியாது. பொதுச் சமையல் என்று எழுதியிருக்கிறீர்கள், சமைப்பவர் யார் என்று எழுதவில்லை. ஓட்டுப் போடப் போவது ஏழு ஆண்கள், முப்பது பேருக்குப் பாத்திரம் கழுவப் போவது ஏழு பெண்கள். உங்கள் மனைவி இதைப் பற்றி என்ன சொன்னார் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. முதலில் அவரைக் கேளுங்கள்.

அதைவிடப் பெரிய பயம் எனக்கு உண்டு. சேலத்தில் உலகம் ஒருமுறை நிஜமாகவே கவிழ்ந்திருக்கிறது. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம். 1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தில் சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881-ல் சுமார் 16 லட்சம். பத்து வருஷத்தில் பிறந்த குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டே இந்தக் குறைவு. பட்டினி மட்டும் அத்தனை பேரைக் கொல்லவில்லை. பட்டினியில் நொந்த உடம்பைக் காலராவும் பெரியம்மையும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போயின. கஞ்சித்தொட்டிக்கும் நிவாரண முகாமுக்கும் கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ஒரே குளத்துத் தண்ணீரைக் குடித்தார்கள், அதன் கரையிலேயே வெளிக்குப் போனார்கள். ஒரே அடுப்பில் முப்பது பேருக்குச் சமைக்கும் இடத்தில் டைபாய்டு கிருமியைச் சுமக்கும் ஒரு கை இருந்தால் போதும். தனிமை ஒரு குடும்பத்தைக் கொல்லும். நெருக்கம் ஏழு குடும்பத்தையும் கொல்லும்.

ஆகவே நான் சொல்வது: அடுப்பு தனி, கக்கூஸ் தனி, தானியம் தனி. ஊற்று பொது, பாதை பொது, நோய் வந்தால் தோள் பொது. இது என் கண்டுபிடிப்பு இல்லை. உங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் மலையாளி ஊர்களில் (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலையின் பழங்குடி மக்கள்) இப்படித்தான் இருக்கிறார்கள். அவரவருக்கு வீடு, அவரவருக்குக் காடு, அவரவர் தொம்பையில், அதாவது தானியக் குதிரில், அவரவர் ராகி. ஊற்றைத் தூர் வாரினால் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வராதவரை ஊர்க்கவுண்டர் கூப்பிட்டுக் கேட்பார். சாவு விழுந்தால் அன்றைக்கு யாரும் வேலைக்குப் போவதில்லை.

அதற்கும் விலை உண்டு, மறைக்க மாட்டேன். ஊர் உங்கள் வீட்டுக்குள் மூக்கை நுழைக்கும். யார் வந்தார், யார் போனார், மகள் யாரோடு பேசினாள் எல்லாம் பேச்சாகும். ஊர் சொன்னதற்கு மறுபேச்சுப் பேசினால் ஒதுக்கியும் வைப்பார்கள். ஒதுக்கி வைக்கப்பட்ட ஒரு வீட்டுக்கு நான் போய்க் கைக்குழந்தைக்கு ஊசி போட்டு வந்ததற்கு, டீக்கடையில் எனக்கு டீ தர யோசித்தார்கள். நகரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வாழ்ந்த உங்களுக்கு அது மூச்சு முட்டும். எனக்கே முட்டியது.

அப்புறம், அவர்கள் உங்கள் திட்டத்துக்கு வேலையாட்கள் இல்லை. இரண்டு வருஷத் தானியத்தைப் பூட்டி வைத்து நடுவில் உட்கார்ந்திருக்கும் வெளியூர்க்காரரை அவர்கள் எதற்காகத் தூளி கட்டித் தூக்க வேண்டும்? இப்போதே பழகுங்கள். மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போங்கள். சாவுக்கும் போங்கள், அதுதான் முக்கியம். உங்களுக்கு சோலார் தெரியும், மோட்டார் தெரியும். ஊரில் ஒரு பம்பு நின்றால் கூப்பிடாமலே போய்ப் பாருங்கள். அந்த ஒன்றரை ஏக்கரை வைத்துக்கொள்ளுங்கள், வேலியில் ஒரு வாசல் விடுங்கள்.

உப்புக் கணக்கு: ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வருஷத்துக்கு இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. உங்கள் நால்வருக்கு இரண்டு வருஷத்துக்குப் பதினாறு கிலோ வாங்குங்கள். ஊறுகாய்க்கும் மாட்டுக்கும் தனி. அயோடின் உப்பு ஈரம் பட்டால் அயோடினை இழக்கும், இறுக மூடிய ஜாடியில் வையுங்கள். அக்கம்பக்கத்துக்கும் சேர்த்து ஒரு மூட்டை கூடவே வாங்கினால் நஷ்டமில்லை.

கேள்வி: நாங்கள் மலைக்கெல்லாம் போக முடியாது. 24 வீடுள்ள அடுக்குமாடி. நான்கைந்து நாள் தண்ணீரும் மின்சாரமும் இல்லாவிட்டால் என்ன செய்ய?
*ஒரு குடும்பத் தலைவி, ஃபேர்லேண்ட்ஸ்*

பதில்: ஒரு நோட்டு வாங்கி, எந்த வீட்டில் இன்சுலின் போடுகிறவர் இருக்கிறார், எந்த வீட்டில் வயதானவர் தனியாக இருக்கிறார் என்று எழுதி வையுங்கள். 1995 ஜூலையில் சிகாகோ நகரில் வெயில் தாக்கி எழுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். பலர் தனியாக இருந்த முதியவர்கள், பூட்டிய கதவுக்குள்ளேயே போய்விட்டார்கள். அடுத்தடுத்த இரண்டு ஏழைப் பேட்டைகளில், கடைத்தெருவும் ஆள் நடமாட்டமும் இருந்த பேட்டையில் சாவு மிகக் குறைவு. வயிற்றுப்போக்கு வந்தால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 72 வயது. வாழப்பாடி பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன். மகன் சேலத்துக்கு வரச் சொல்கிறான். மனம் இல்லை.
*ஒரு விவசாயி*

பதில்: வர வேண்டாம் ஐயா. தினமும் காலையில் பால் எடுக்க வருகிறவரிடம், ஒரு நாள் உங்களைப் பார்க்காவிட்டால் மகனுக்குப் போன் போடச் சொல்லி நம்பர் கொடுத்து வையுங்கள். குளியலறையில் வழுக்காத தரை போடுங்கள். மகன் கேட்டால் நர்சம்மா சொன்னார் என்று சொல்லுங்கள்.

கேள்வி: எல்லாம் சரி, துப்பாக்கி இல்லாமல் மலையில் எப்படி?
*கல்லூரி மாணவர், ஓமலூர்*

பதில்: யாரைச் சுட? உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1959 ஆயுதச் சட்டம். காட்டுமாட்டைச் சுட்டால் 1972 வன உயிரினச் சட்டம், அது முதல் அட்டவணையில் இருக்கிற மிருகம். உலகம் அழிவதற்கு முன்பே நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள். குரங்கு வந்தால் நாய் குலைத்து விரட்டும். நாட்டு நாய்க்குட்டி ஒன்று எடுத்து வளர்த்து, வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி போடுங்கள்.