பேசிலில் (துளசிக்குச் சொந்தமான வாசனை மூலிகை) ஆறு ரகங்களை விதையிலிருந்தே வளர்க்க முடியுமா, நாற்று வாங்குவதுதான் நல்லதா?

முடியும். உங்கள் பட்டியலில் ஒன்றைத் தவிர எல்லாமே விதையில் வரும். இந்தக் கேள்விக்குக் கீழே "விதையெல்லாம் வீண் வேலை, பேசாமல் நாற்று வாங்குங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பல வருடமாக விதை போட்டே வளர்க்கிறவள் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை.

ஜெனோவீஸ் (இத்தாலிய ரகம்), தாய்லாந்துப் பேசில், எலுமிச்சை பேசில், ஊதா பேசில், துளசி, ஆப்பிரிக்கன் ப்ளூ என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசிப் பெயரை முதலில் அடித்துவிடுங்கள். அது மலட்டுக் கலப்பினம், விதை பிடிக்காது. 1983இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு நாற்றுப் பண்ணையில், அருகருகே இருந்த கற்பூர வாசனைப் பேசிலும் டார்க் ஓபல் என்ற ஊதா ரகமும் தற்செயலாகக் கலந்து முளைத்த ஒற்றைச் செடியின் வழி வந்தது. தண்டு வெட்டி வேர்பிடிக்க வைத்துத்தான் அதைப் பெருக்குகிறார்கள். அதன் விதை என்று யார் விற்றாலும் காசு கொடுக்காதீர்கள்.

மீதி ஐந்தையும் ஒரே தட்டில் கலந்து தூவியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். "பாதி முளைத்தது, பாதியைக் காணோம்" என்கிறீர்களே, அதிலேயே தெரிகிறது. ஜெனோவீஸும் தாய்லாந்துப் பேசிலும் 20 டிகிரிக்கு மேல் வெதுவெதுப்பு இருந்தால் ஒரு வாரம், பத்து நாளில் தலை காட்டிவிடும். துளசி வேறு இனம். விதையும் பொடிசு, இரண்டு மூன்று வாரம்கூட எடுத்துக்கொள்ளும். அதற்குள் முந்தி வந்தவை வளர்ந்து நிழல் கட்டிவிடுகின்றன. அதனால் ரகத்துக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு பெயர்ச்சீட்டு. இதில் மட்டும் சமரசம் வேண்டாம்.

விதைப்பது எளிது. முதலில் மண்கலவையை நனைத்துக்கொண்டு, விதையைத் தூவி, தெரிந்தும் தெரியாமலும் மேலே கொஞ்சம் பொடி மண். அரை சென்டிமீட்டருக்கு மேல் மூடினால் தாமதமாகும். தண்ணீரைத் தெளிப்பானில் தெளித்துவிட்டுக் கிட்டே போய்ப் பாருங்கள். சில நிமிடங்களில் கறுப்பு விதையைச் சுற்றி நீலம் பாய்ந்த வெள்ளைக் கூழ் கட்டும். துளசி விதையில் இந்த அளவுக்கு இருக்காது. கூழ் கட்டிய பிறகு மேலேயிருந்து தண்ணீர் ஊற்றினால் எல்லாம் வழுக்கி ஒரு மூலையில் குவியும். முளைத்த பிறகும் தட்டை எப்போதும் சொதசொதவென்று வைக்காதீர்கள். நாற்றழுகல் வந்தால் தண்டு மண்ணை ஒட்டின இடத்தில் நூலாக மெலிந்து சாய்ந்துவிடும், அதைக் காப்பாற்ற வழியில்லை. நெருக்கத்தைக் கலைத்துக் காற்று போக விடுங்கள்.

இப்போது ஊதா பேசில் கதைக்கு வருகிறேன். ஒரு முறை விதை நிறுவனம் ஒன்றிலிருந்து ஊதா ரகம் வாங்கினேன். முளைத்ததில் பாதிக்குப் பாதி பச்சை. ஊதா ரகமென்றால் விதையிலையிலேயே நிறம் தெரிய ஆரம்பித்துவிடும், இவை தளிர் விட்ட பிறகும் சுத்தப் பச்சை. எழுதிக் கேட்டேன். "உங்களிடம் வெயில் போதவில்லை" என்று பதில் வந்தது. வெயில் குறைந்தால் ஊதா மங்கும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே தட்டு, ஒரே வெயில், பக்கத்துப் பக்கத்தில் ஒன்று கரும்ஊதா, ஒன்று பச்சை! படம் எடுத்து அனுப்பிய பிறகு பதிலே இல்லை.

"ஊதாவில் பச்சை வருவது சகஜம்தானே" என்று இங்கேயும் யாராவது சொல்வீர்கள். தெரியும். 1962இல், புதுத் தோட்ட ரகங்களைச் சோதித்து அமெரிக்காவில் தரும் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது வாங்கிய டார்க் ஓபலிலேயே கொஞ்சம் பச்சை வரும், அதை நாற்றிலேயே பிடுங்கிவிடுவதுதான் வழக்கம். கொஞ்சம் வருவதும் பாதி வருவதும் ஒன்றா? ரகங்களைத் தள்ளித் தள்ளி வைக்காமல் விதை எடுத்திருக்கிறார்கள், தேனீ தன் வேலையைச் செய்திருக்கிறது. நீங்களும் சொந்தமாக விதை எடுப்பதாக இருந்தால் ஜெனோவீஸ், தாய்லாந்து, ஊதா மூன்றையும் ஒரே சமயத்தில் பூக்க விடாதீர்கள். ஒன்றை விட்டு மற்றவற்றின் பூங்கதிரைக் கிள்ளிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் விதை என்கிறேன் என்றால், கடைத் தொட்டியில் அடர்த்தியாகத் தெரிகிற பேசில் பெரும்பாலும் ஒரு செடி இல்லை. பத்து இருபது நாற்றை ஒன்றாக நெருக்கி வளர்த்தது, வீட்டுக்கு வந்ததும் ஒன்றையொன்று நெரித்துக்கொள்ளும். இலைக்கு அடியில் சாம்பல்ஊதாப் பூஞ்சை படியும் அடிச்சாம்பல் நோய் விதை வழியாகவும் பரவும், வாங்கிய நாற்று வழியாகவும் வரும். நாற்று வாங்கினால் நோய் வராது என்று நம்ப வேண்டாம். நாற்று வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை, நேரமில்லாதவர்களுக்கு அது சரிதான். விதையை வீண் என்று சொல்வதுதான் வலிக்கிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை. மிஞ்சிய நாற்றுகளை நான் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுவேன். வாங்கிப் போகிறவர்கள் குழித்தட்டைத் திருப்பித் தருவதே இல்லை. நாற்று இலவசம், தட்டு அப்படியில்லை. கேட்டால் "ஒரு பிளாஸ்டிக் தட்டுக்கா?" என்று முகம் சுளிக்கிறார்கள். அடுத்த விதைப்புக்கு எனக்கு அந்தத் தட்டுதான் வேண்டும்.

சரி, உங்கள் நாற்றுகள் மூன்று ஜோடி இலை விட்டதும், இரண்டாவது ஜோடிக்கு மேலே நுனியைக் கிள்ளுங்கள். அந்தக் கணுவிலிருந்து இரண்டு கிளை வரும். அப்புறம், இனி தனியாகப் போடுகிற துளசித் தட்டு மற்றவை முளைத்த பிறகும் வெறுமையாகத்தான் இருக்கிறதென்றால் கொட்டிவிடாதீர்கள், ஈரம் காயாமல் இன்னும் ஒரு வாரம் வையுங்கள்.