அம்மச்சி வீட்டுப் படத்தில் இருப்பது எந்தத் தெரேசா?

மகளின் பெயர்விழாவை, அதாவது அவள் பெயர் கொண்ட புனிதரின் திருநாளை, எந்தத் தெரேசாவின் நாளில் வைப்பது என்று கேட்டிருந்தீர்கள். அம்மச்சி வீட்டுப் படத்தில் கையில் சிலுவையும் அதைச் சுற்றி ரோஜாக்களும் என்கிறீர்களே, அப்படியானால் அது பிரான்சின் லிசியு நகரத்துக் குழந்தை தெரேசாதான், ஸ்பெயினின் அவிலா நகரத்துத் தெரேசா இல்லை. மகளுக்குப் பெயர்விழா வைக்க வேண்டிய நாள் அக்டோபர் 1, 15 அல்ல.

குழப்பம் வருவது உடுப்பால். இருவருமே கார்மேல் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தவர்கள், அதே தவிட்டு நிற அங்கி, வெள்ளை மேலாடை, கறுப்பு முக்காடு. போதாததற்கு இருவர் திருநாளும் ஒரே மாதம்.

படத்தை இறக்கித் துடைத்துப் பாருங்கள். புத்தகமும் இறகுப் பேனாவும், தோளருகே புறா, இல்லை அம்போடு ஒரு வானதூதர் என்று இருந்தால் அவிலா (1515–1582). அவர் சபையையே சீர்திருத்தியவர், செபத்தைப் பற்றி எழுதித் தள்ளியவர், அதனால்தான் பேனா. லிசியு தெரேசா 1897இல் 24 வயதில் காசநோயில் இறந்தவர். மடத்துக்குள்ளேயே அவர் அக்கா கேமராவில் எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன, பல படங்கள் அதைப் பார்த்து வரைந்தவைதான்.

கேரளத்துப் பாறசாலைப் பக்கத்து உறவினர்கள் 'கொச்சுத்ரேசியா' (மலையாளத்தில் 'சின்னத் தெரேசா') என்றால் அதுவும் லிசியு தெரேசாதான்.

ஒன்று மட்டும் கவனம்: அம்மச்சியின் பழைய செபப் புத்தகத்தில் அக்டோபர் 3 என்று இருக்கலாம். அச்சுப்பிழை இல்லை, 1969 நாள்காட்டி மாற்றத்துக்கு முன் அதுதான் அவர் திருநாள். அப்புறம், சில பங்குகளில் கொண்டாட்டத்தை ஞாயிறுக்குத் தள்ளிவிடுவார்கள், பூசைக்குச் சொல்லும்முன் பங்குத்தந்தையிடம் கேட்டுவிடுங்கள்.