நெரிசலான சிங்கப்பூரில், படத்துக்குள் வெற்றிடத்தை எப்படிக் கொண்டுவருவது?

நெகட்டிவ் ஸ்பேஸ், அதாவது படத்தில் ஆளைச் சுற்றி வேண்டுமென்றே விடும் வெற்றிடம் பற்றிப் படித்ததாகவும், ஆனால் எந்தப் படம் எடுத்தாலும் பின்னால் ஏதாவது வந்து நுழைந்துவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது.

வெற்றிடத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. மின்தூக்கியில் கீழே இறங்கினால் போதும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தை வாய்ட் டெக், அதாவது வெற்றுத்தளம் என்றுதானே சொல்கிறோம். தூண், சிமெண்டுத் தரை, வெள்ளைச் சுவர். கல்யாணமோ துக்கமோ இல்லாத நாளில் காலியாகத்தான் கிடக்கும். நான் கற்றுக்கொண்டதே அங்கேதான்.

ஒரு நாள் அம்மா தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து, கீழே பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். முதலில் கிட்டப் போய் எடுத்தேன். தலைக்குப் பின்னால் அறிவிப்புப் பலகை, யாருடைய சைக்கிளோ ஒன்று. அப்புறம் பத்தடி பின்னால் வந்து, பக்கவாட்டில் மூன்று எட்டு நகர்ந்தேன். பலகை தூணுக்குப் பின்னால் போனது, சைக்கிள் சட்டகத்துக்கு வெளியே போனது. மிச்சம் வெறும் சுவர். அம்மாவை வலது கீழ் மூலையில் வைத்தேன். காலடியில் பை, பையிலிருந்து இரண்டு முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது. படத்தில் அவர் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதைப் பார்த்த சித்தி முதலில் கேட்டது, "அக்காவுக்கு உடம்பு முடியலையா?" என்றுதான். கிட்டப் போய் எடுத்ததில் அந்தக் களைப்பு தெரியவே இல்லை.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஏம்பா, இவ்வளவு இடம் காலியா கிடக்கே, கிட்ட வந்து எடுத்திருக்கலாமே?" என்றார். சுவர்ப் பகுதியை உள்ளங்கையால் மறைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இப்ப பஸ்ஸுக்கு நிக்கிறவ மாதிரி இருக்கு, கையை எடு" என்றார்.

அந்தப் படத்தில் அவர் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அதனால்தான் காலி இடத்தையும் இடப்பக்கமே விட்டேன். பார்வை போகிற பக்கம் இடம் இருந்தால் யாரையோ எதிர்பார்ப்பது போல இருக்கும். முதுகுப் பக்கம் விட்டால் எதையோ விட்டுவிட்டு வந்தது போல இருக்கும். எது வேண்டும் என்று முடிவு செய்த பிறகே பட்டனை அழுத்துங்கள்.

ஒரு தொழில்நுட்ப விஷயம். வெள்ளைச் சுவரோ வெளிறிய வானமோ சட்டகத்தை நிறைத்தால் கேமராவின் ஒளி அளவு தப்பிவிடும். எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். சுவர் அழுக்காகத் தெரியும், ஆள் கறுத்துப்போவார். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றுங்கள். கைப்பேசி என்றால் முகத்தைத் தொட்டுவிட்டுச் சூரியக் குறியை மேலே இழுங்கள். இருட்டுப் பின்னணிக்கு நேர்மாறாக இறக்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரி மழை நாள்களில் இங்கே வானம் முழுக்க வெள்ளையாகிவிடும். வானம் சரியில்லை என்று பலர் கேமராவை உள்ளே வைத்துவிடுவார்கள். எனக்கு அந்த நாள்தான் வேண்டும். மழை விட்டதும் மரினா அணைக்கட்டின் புல்கூரைக்குப் போவேன். மேலே ஒரே ஒரு பட்டம், கீழ் ஓரத்தில் ஒரு பையனின் தலையும் தூக்கிய கையும், நடுவில் வானம் மட்டும். தரையோடு தரையாகப் படுத்தால்தான் தூரத்துக் கட்டடங்கள் புல்மேட்டுக்குப் பின்னால் மறையும். ஈரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் விரிப்பு கொண்டுபோங்கள்.

நெரிசல் ஊரில் முடியுமா என்று சந்தேகம் வந்தால் ஹாங்காங் தெருக்களைப் படமெடுத்த புகைப்படக் கலைஞர் ஃபேன் ஹோ எடுத்த படங்களைப் பாருங்கள். ஹாங்காங்கில் 1954-ல் எடுத்த ஒன்று மிகப் பிரபலம்: பெரிய வெள்ளைச் சுவர், அதன் ஓரத்தில் ஒரு பெண், குறுக்கே சாய்ந்து விழும் நிழல். நிழலை இருட்டறையில்தான் சேர்த்தார். ஆனால் அந்தச் சுவரை ஹாங்காங்கிலேயே கண்டுபிடித்தார்.

கடல் வேண்டுமென்றால் ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா. ஆண்டு முழுக்க இங்கே 7 மணியை ஒட்டித்தான் விடியும், 6:30-க்கே போய்விடுங்கள். நங்கூரமிட்ட கப்பல்கள் வரிசையாக நிற்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். தூண்டில் போடுகிறவரை எடுக்கிறபோது குத்தவைத்து உட்காருங்கள். நின்று எடுத்தால் கடல்கோடு அவர் கழுத்தில் விழும். உட்கார்ந்தால் கோடு இடுப்புக்கு இறங்கி, தலையும் தூண்டிலும் வானத்தில் தனியாகத் தெரியும்.