காப்பீடு எடுப்பது விசுவாசக் குறைவா?

கேள்வி: நாசரேத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவருக்கு வயது 42. தூத்துக்குடியில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஸ்டோர்ஸில் வேலை. பி.எஃப். போகக் கையில் 36,000 ரூபாய் வருகிறது. எனக்கு 39 வயது, தையலில் மாதம் 6,000 வரை வரும். சொந்த வீடு. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு. சர்க்கரை நோயுள்ள மாமியார் எங்களோடு இருக்கிறார். அவருடைய மாத்திரைக்கு மட்டும் மாதம் 1,200 ரூபாய்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் 4,200 ரூபாயை மாதம் தவறாமல் சபைக்குக் கொடுத்துவிடுகிறோம். அதுபோக ஒரு டிவி ஊழியத்துக்கு விதை காணிக்கை என்று மாதம் 1,500 ரூபாய் கணவர் அனுப்புகிறார். வீட்டுப் பிரதிஷ்டை விருந்துக்காக இரண்டு வருடத்துக்கு முன் என் ஐந்து பவுன் நகையைத் தனியார் அடகுக் கடையில் 18 சதவீத வட்டிக்கு வைத்து 1,40,000 வாங்கினோம். கிரெடிட் கார்டில் 45,000 நிற்கிறது. அதில் 25,000 ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் அவர் பொருத்தனை பண்ணி, அதாவது நேர்ந்துகொண்டு கொடுத்தது. வங்கியில் 12,000தான் இருக்கிறது. காப்பீடு எதுவும் இல்லை. கேட்டால், "ஆகாயத்துப் பறவைகளைப் பார், அவைகள் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கிறதில்லை. மன்னாவை அன்றன்றைக்குத்தானே பொறுக்கினார்கள்? ஜார்ஜ் முல்லர் காப்பீடா எடுத்தார்?" என்கிறார். எளிமையாக வாழ்ந்தால் போதும், மீதியைக் கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்பது அவருடைய எண்ணம். அவர் நல்லவர், குடிப்பழக்கம் இல்லை. ஆனால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. அடுத்த வருடம் மகளுக்குச் சபையில் திடப்படுத்தல் ஆராதனை. மண்டபம் பிடித்து விருந்து வைக்க இன்னும் 60,000 கடன் வாங்கலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்தியது தூக்கம் வருவதில்லை என்ற வரிதான். இயேசு மலைப்பிரசங்கத்தில் பறவைகளைக் காட்டிச் சொன்னது கவலைப்படாதிருங்கள் என்று. உங்கள் வீட்டில் கவலை போய்விட்டதா? போகவில்லை. அவரிடமிருந்து உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நாளைக்கு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதன் பாரம் உங்கள் தையல் மெஷினிலும், உங்கள் அண்ணன் தம்பிமார் வீட்டிலும், சபையார் கையிலும்தான் விழும். அதைத் தேவனிடம் ஒப்படைத்தது என்று என்னால் சொல்ல முடியாது. கேட்காமலே மனுஷர் தலையில் இறக்கி வைப்பது அது.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் கொடுத்த ஆகாரமான மன்னாவுக்கு வருவோம். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தை இருவரும் சேர்ந்து முழுதாக வாசியுங்கள். விடியும்வரை மீத்து வைத்தது புழுத்து நாறியது, உண்மைதான். ஆனால் அதே அதிகாரத்தில், ஆறாம் நாள் இரண்டத்தனையாகச் சேர்க்க வேண்டும் என்ற கட்டளையும் இருக்கிறது. மறுநாள் ஓய்வுநாள், வெளியே போனாலும் கிடைக்காது. அந்த ஒரு இரவு மட்டும் மீதி வைத்தது கெட்டுப்போகவில்லை. சேர்த்து வைக்காதே என்று சொன்ன அதே தேவன்தான், வெளியே போய்ப் பொறுக்கி எடுக்க முடியாத நாளுக்காகச் சேர்த்து வை என்றும் சொன்னார். உங்கள் கணவருக்கும் பொறுக்க முடியாத நாட்கள் வரும். சம்பளம் நின்றுபோகும் ஓய்வுக்காலம், ஆஸ்பத்திரியில் கிடக்கும் மாதம், அவரே இல்லாமல் போகும் காலம். அந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து வைப்பது பேராசை ஆகாது. தேவைக்கு மேல் களஞ்சியத்தை இடித்து இடித்துப் பெரிதாகக் கட்டிய லூக்கா 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவானின் கதை வேறு.

ஜார்ஜ் முல்லரைப் பற்றி அவர் சொல்வதை நான் மனப்பூர்வமாக மதிக்கிறேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளை, யாரிடமும் பணம் கேட்காமல் ஜெபத்தாலேயே வளர்த்த மனுஷன். 1849இல் ஆஷ்லி டவுனில் முதல் வீட்டைத் திறந்தார். 1870க்குள் ஐந்து பெரிய வீடுகள். ஆனால் முல்லர் கடன் வாங்கமாட்டார். ஊழியத்துக்காகக் கூட வாங்கமாட்டார். கையில் வந்து சேராத பணத்தைச் செலவழிக்கமாட்டார். வந்த காசு, போன காசு எல்லாவற்றையும் எழுதி வைத்து வருடந்தோறும் அறிக்கை வெளியிட்டார். அவரைப் பின்பற்ற வேண்டும் என்று உங்கள் கணவருக்கு உண்மையான ஆசை இருந்தால் ஒரு நோட்டில் கணக்கு எழுதுவதும் கார்டை மூடுவதும்தான் ஆரம்பம். முல்லரின் விசுவாசத்தை எடுத்துக்கொண்டு அவருடைய கணக்குப் புத்தகத்தை விட்டுவிடக் கூடாது.

சரி, இப்போது உங்கள் கணக்கு. அடகுக்கு மாதம் 2,100 ரூபாய் வட்டி. கிரெடிட் கார்டுக்கு மாதம் மூன்றரை சதவீதம் என்று வைத்தால் 1,575. இரண்டும் சேர்த்து 3,675. ஏறக்குறைய உங்கள் தசமபாகம் அளவுக்கே கடன் கொடுத்தவர்களுக்கும் மாதாமாதம் செலுத்துகிறீர்கள். வருடத்துக்கு 44,100 ரூபாய், அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாமல். உங்கள் வீட்டில் எளிமை இல்லாமல் போன இடம் இதுதான். சாப்பாட்டிலும் துணிமணியிலும் நீங்கள் எளிமையாகத்தான் இருக்கிறீர்கள். விருந்திலும் பொருத்தனையிலும் இல்லை.

முதல் வேலை, நகையை அந்தக் கடையிலிருந்து திருப்பி வங்கியில் வைப்பது. ஒன்பது, பத்து சதவீத வட்டிக்கு நகைக்கடன் தரும் வங்கிகள் இருக்கின்றன. கூட்டுறவுச் சங்கத்திலும் விசாரியுங்கள். இரண்டு வருடத்தில் தங்கம் விலை நன்றாக ஏறியிருப்பதால் அதே ஐந்து பவுனுக்கு 1,85,000 கிடைப்பதில் சிரமம் இருக்காது. அதில் அடகையும் கார்டையும் சேர்த்து அடைத்துவிடலாம். பத்து சதவீதத்தில் வருட வட்டி 18,500தான். வருடத்துக்கு 25,600 ரூபாய் மிச்சம். திருப்புவதற்கு ஒரு நாள் கைமாற்று தேவைப்படலாம். வேறு இடத்து அடகைத் தாங்களே அடைத்து மாற்றிக்கொள்ளும் வங்கிகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். கார்டை அடைத்த அன்றே மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் இரண்டு கடனாக நிற்கும்.

உங்கள் மனம் ஒப்பினால் இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஐந்தில் இரண்டு பவுனை விற்றுவிடுவது. அன்றைய விலையைக் கேட்டுக் கணக்குப் போடுங்கள், கடன் முழுவதும் அடையாவிட்டாலும் பெரும்பகுதி போய்விடும். அது உங்கள் தாய்வீட்டு நகையாக இருக்கலாம், முடிவு உங்களுடையது மட்டும்தான். உங்கள் கணவரோ மாமியாரோ நானோ அதைச் சொல்லக் கூடாது.

மாமியாரின் மாத்திரைக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மாற்ற மட்டும் வேண்டாம்.

அப்புறம் காணிக்கை. பணக் கணக்குப் பார்க்கிறவன் முதலில் தசமபாகத்தைத்தான் வெட்டச் சொல்வான் என்று உங்கள் கணவர் பயப்படலாம். நான் சொல்லமாட்டேன். நீங்கள் இருவரும் மனதார ஒத்துக் கொடுக்கிற 4,200 அப்படியே இருக்கட்டும். கொடுக்கப் பழகிய கை பணத்துக்கு அடிமையாவதில்லை என்பதைக் குடும்பங்களுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்லும் இந்த வேலையில் நான் கண்ணாரப் பார்க்கிறேன். மிசோரம் சபைகளில் நூறு வருடத்துக்கும் மேலாக ஒவ்வொரு வேளை உலை வைக்கும்போதும் பெண்கள் ஒரு கைப்பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்து வைக்கிறார்கள். பானையில் இருக்கிற அரிசியிலிருந்து எடுக்கிறார்கள், பக்கத்து வீட்டில் கடன் வாங்கியல்ல.

ஆனால் டிவி ஊழியத்துக்குப் போகும் 1,500 ரூபாயை நிறுத்தச் சொல்வேன். கார்டில் தேய்த்துக் கொடுத்த அந்த 25,000 போல இனி ஒன்று நடக்கவே கூடாது. விதைத்தால் நூறு மடங்கு திரும்ப வரும் என்று சொல்லிக் கடனில் இருக்கிற குடும்பங்களிடம் வாங்குவது எனக்குத் தாங்க முடியாத வருத்தம் தருகிற விஷயம். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 8ஆம் அதிகாரத்தில், எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைப் பற்றிப் பேசும் பவுல், ஒருவனுக்கு இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று தெளிவாக எழுதியிருக்கிறார். கார்டில் கொடுத்தது உங்களிடம் இருந்த பணமல்ல. தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றி அவரே தீமோத்தேயுவுக்கு எழுதியது இன்னும் கடுமையானது. அதை உங்கள் கணவர் தனியாக வாசிக்கட்டும், நீங்கள் எடுத்துக் காட்ட வேண்டாம்.

அடகை மாற்றியதில் 25,600, டிவி காணிக்கையும் மாத்திரையும் சேர்ந்து 32,400. ஆக வருடத்துக்கு 58,000 ரூபாய் உங்கள் கையில் நிற்கிறது. சம்பளம் ஒரு ரூபாய்கூட உயராமல்.

இதில் காப்பீட்டுக்கு ஏறக்குறைய 31,000 ஒதுக்குங்கள். பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் வருடம் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடு, சுரக்ஷா திட்டத்தில் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடு. சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியிலேயே ஒரு படிவம்தான். நீங்களும் சேருங்கள், உங்கள் தையலும் இந்த வீட்டைத் தாங்குகிறது. ஆனால் இது மட்டும் போதாது. அவர் பெயரில் 60 வயதுவரை 50 லட்சத்துக்கு டேர்ம் பாலிசி, அதாவது அந்தக் காலத்துக்குள் இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் தரும் பாலிசி எடுக்க வேண்டும். புகைப்பழக்கம் இல்லாத 42 வயதுக்காரருக்கு வருடப் பிரீமியம் 10,000 ரூபாய் முன்னே பின்னே வரும். முடிவில் பணம் திரும்பத் தரும் பாலிசிதான் நல்லது என்று யாராவது வந்து சொன்னால் சம்மதிக்காதீர்கள், அதில் இதே பிரீமியத்துக்குப் பாதுகாப்பு மிகவும் சிறியதாகிவிடும். உங்கள் நால்வருக்கும் சேர்த்து 5 லட்சம் மருத்துவக் காப்பீடு 20,000 ரூபாயை ஒட்டி வரும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருட வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், தொழிலாளர்களுக்கான இ.எஸ்.ஐ. மருத்துவத் திட்டத்துக்கு மாதச் சம்பளம் 21,000க்குள். இரண்டும் உங்களுக்குப் பொருந்தாது. தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை, அது ஒரு ஆறுதல்.

காப்பீடே வேண்டாம் என்கிற உங்கள் கணவருக்கு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பி.எஃப். பிடிக்கிற ஒவ்வொரு ஊழியருக்கும் இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீடு உண்டு. பணம் கட்டுவது நிறுவனம். வேலையில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். இத்தனை வருடமாக அது இருந்தும் அவருடைய விசுவாசத்துக்கு எந்தக் குறையும் வரவில்லையே. பி.எஃப். தளத்தில் வாரிசுதாரராக உங்கள் பெயர் இருக்கிறதா என்று மட்டும் இந்த வாரமே பார்த்துவிடச் சொல்லுங்கள். கல்யாணத்துக்கு முன் சேர்ந்தவராக இருந்தால் அம்மா பெயரே நிற்கக்கூடும்.

மீதி 27,000 ரூபாயில் முதல் வருடம் பாதியைத் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் போடுங்கள், பாதியை நகைக்கடனின் அசலில் கட்டுங்கள். தீபாவளிக்கோ கிறிஸ்துமஸுக்கோ போனஸ் வந்தால் அதுவும் அசலுக்கே. ஸ்டோர்ஸில் ஒரு பொருள் தீர்ந்த பிறகு ஆர்டர் போடுகிற ஆள் இல்லை அவர். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கும்போதே போட்டுவிடுவார். வீட்டில் அந்த அளவு மூன்று மாதச் செலவு. அதை எட்ட இரண்டு மூன்று வருடம் ஆகட்டும், பரவாயில்லை.

மகளின் திடப்படுத்தலுக்குக் கடன் வேண்டவே வேண்டாம். அந்த ஆராதனையின் மையம் உங்கள் பிள்ளை முழங்கால்படியிடுவதும் பேராயர் கை வைத்து ஜெபிப்பதும். ஒரு வெள்ளை உடை, அவள் பெயர் எழுதிய ஒரு வேதாகமம், மத்தியானம் வீட்டில் சொந்தக்காரர் இருபது பேருக்குச் சாப்பாடு. இதற்குமேல் எதுவும் தேவையில்லை. நம் பக்கத்துச் சபைகளில் நடக்கும் பொது அசன விருந்தில் எல்லாரும் ஒரே பந்தியில் ஒரே சாப்பாடு சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறோம். அப்படிப்பட்ட ஊரில் பிள்ளையின் பெயரில் மண்டபம் பிடித்து நம் நிலையைக் காட்ட வேண்டிய அவசியம் என்ன? நீதிமொழிகள் 30இல் ஆகூர் என்பவர் தரித்திரமும் வேண்டாம் ஐசுவரியமும் வேண்டாம், "என் படியை எனக்கு அளந்து" போஷித்தருளும் என்று கேட்கிறார். 18 சதவீதத்துக்கு வாங்கி வைக்கிற விருந்து நம் படியில் அளந்தது அல்ல.

இதையெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது? வசனத்துக்கு எதிர் வசனமாகச் சொல்லி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை குடும்ப ஜெபம் முடிந்தபின் லூக்கா 14இல் கோபுரம் கட்ட நினைத்தவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கும் பகுதியை வாசித்துவிட்டு, நோட்டையும் அடகு ரசீதையும் கார்டு ஸ்டேட்மெண்டையும் எடுத்து வையுங்கள். 44,100 என்ற தொகையை அவரே கூட்டி எழுதட்டும். தூக்கம் வருவதில்லை என்று எனக்கு எழுதினீர்கள். அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கடிதத்தில் இல்லை. அதையும் அன்று சொல்லுங்கள். பயமாக இருக்கிறது என்று மனைவி வாய்விட்டுச் சொன்னால் அந்தப் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள முன்வருகிற மனுஷனாகத்தான் அவர் எனக்குத் தெரிகிறார்.

காப்பீட்டுப் படிவத்தில் உங்கள் நால்வரில் யாருக்காவது பழைய நோய் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். ஏஜெண்ட் வேண்டாம் என்றாலும் எழுதுங்கள். மருத்துவக் காப்பீட்டில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மறைத்துவிட்டால் தேவைப்படும் நாளில் பணம் கிடைக்காமல் போய்விடும். கையெழுத்துப் போடும் முன் படிவத்தை நீங்களே ஒருமுறை வாசித்துவிடுங்கள்.