கெம்னிட்ஸில் ஒரு மன்னார்குடி

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் என்னுடையது. அக்டோபரில் முதுகலை படிக்க ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துக்கு வந்தேன். அம்மாவிடம் தினமும் நாலு தடவை வீடியோ காலில் பேசுகிறேன். விடுதிச் சமையலறையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சமையல். அம்மா பாட்டுக்கு அவர் வேலையைப் பார்ப்பார், நான் பாட்டுக்கு என் வேலை. இருந்தும் ஊர் நினைப்பு குறையவில்லை, கூடுகிறது. போன வாரம் எங்கள் நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவிந்து கிடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்பாவும் சித்தப்பாவும் தார்ப்பாயை இழுத்து மூடுவதை லைவாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று வகுப்புக்குப் போகவில்லை. குவைத்தில் இருந்த மாமா, "நாங்களெல்லாம் கேசட்டில் பேசி அனுப்பிவிட்டுப் பதிலுக்கு மாசக்கணக்கில் காத்திருந்தோம். போனைத் தூக்கிப் போடு, எல்லாம் சரியாகும்" என்கிறார். அவர் சொல்வது சரியா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

மாமா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த அந்தக் கேசட்டுகளில் சிலவற்றை நான் கேட்டிருக்கிறேன். வீட்டில் ஒவ்வொருவராகப் பேர் சொல்லி நலம் விசாரித்துக்கொண்டே வரும் குரல் நடுவில் அடைத்து நின்றுவிடும், டேப் மட்டும் ஓடும். தாங்கிக்கொண்டார்கள்தான், வேறு வழியில்லாமல். அதோடு, மாமாவின் அறையில் ஊர்க்காரர்கள் ஏழெட்டுப் பேராவது இருந்திருப்பார்கள். உங்களுக்குத் தனி அறை. இரண்டையும் எப்படி ஒப்பிடுவது?

கல்ச்சர் ஷாக் (புது ஊரின் பழக்கவழக்கம் பிடிபடாமல் வரும் தடுமாற்றம்) என்ற பேச்சைப் பரவலாக்கியவர் கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய உரையில் அதன் அறிகுறிகளை அடுக்கினார். ஓயாமல் கை கழுவுவது, குடிதண்ணீர் மேல் சந்தேகம், ஏமாற்றிவிடுவார்களோ என்ற பயம். வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்ற தவிப்பையும் அதே பட்டியலில்தான் வைத்தார். ஊர் ஏக்கத்தை அவர் தனி நோயாகப் பார்க்கவில்லை, சுற்றியிருப்பது எதுவும் பிடிபடாதபோது வருவது என்றே பார்த்தார். அப்படியானால் அம்மாவின் குரல் காய்ச்சல் மாத்திரை. போட்டுக்கொள்வதில் தப்பே இல்லை, காய்ச்சல் எதனால் என்பது மட்டும் அப்படியே இருக்கும்.

நம் பக்கத்திலிருந்து போன இன்னொரு மாணவரைப் பாருங்கள். 1914இல் கேம்பிரிட்ஜ் போன கும்பகோணத்து ராமானுஜன். அங்கே படித்துக்கொண்டிருந்த மகாலனோபிஸ் (பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர்) ஒருநாள் அவர் அறைக்குப் போனார். ராத்திரியில் குளிர் தாங்குகிறதா என்று கேட்டால், ஓவர்கோட்டோடு சால்வை போர்த்திப் படுக்கிறேன் என்கிறார் ராமானுஜன். கட்டிலைப் போய்ப் பார்த்தால் கம்பளிகள் மெத்தைக்கு அடியில் செருகியபடியே இருக்கின்றன. அவற்றுக்குள் புகுந்து படுக்க வேண்டும் என்பது ராமானுஜனுக்குத் தெரியாது, மேலே படுத்திருக்கிறார். மகாலனோபிஸ் பிரித்துக் காட்டினார். அன்று வீடியோ கால் இருந்திருந்தால் சாரங்கபாணி சன்னதித் தெருவிலிருந்து அவர் அம்மா கோமளத்தம்மாள் என்ன சொல்லியிருப்பார்? இன்னொரு சால்வை அனுப்பட்டுமா என்றுதான் கேட்டிருப்பார். அந்த ஊர்ப் படுக்கையைப் பற்றி அந்த ஊரில் இருப்பவர்தானே சொல்ல முடியும்?

மாமாவுக்கும் இதில் பதில் உண்டு. கடிதம் கப்பலில் வாரக்கணக்கில் போய்வந்த காலம் அது. அந்தத் தாமதம் ராமானுஜனைக் காப்பாற்றவில்லை. நோயாளியாகத்தான் 1919இல் திரும்பினார்.

ஆகவே போனைத் தூக்கிப் போட வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். விடுதிச் சமையலறைதான் அங்கே உங்கள் திண்ணை. மாலையில் நாலு நாட்டுப் பிள்ளைகள் வந்து போகிற இடத்தில் நீங்கள் போனைச் சாய்த்து வைத்துத் தமிழில் பேசிக்கொண்டிருந்தால், தொந்தரவு வேண்டாமென்று ஒதுங்கித்தான் போவார்கள். உங்கள் காலை ஏழு மணி இப்போது ஊரில் பதினொன்றரை, சமையலை முடித்துவிட்டு அம்மா உட்காரும் நேரம். அப்போது ஆற அமரப் பேசுங்கள். (மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். முதல் நாளே அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், நேரம் மாறினால் பதறிவிடுவார்.) காப்பீட்டுக்காரர்களிடமிருந்து ஜெர்மன் மொழியில் கடிதம் வந்தால் தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் படம் எடுத்துப் போடும் முன், அடுத்த அறைக் கதவைத் தட்டுங்கள். முதல் தடவை கூச்சமாகத்தான் இருக்கும்.

நெல் நனைந்த விஷயம்தான் எனக்கு உங்கள் கடிதத்தில் கனமாகப் பட்டது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடுக்க மாட்டார்களே என்று அப்பா தவித்திருப்பார். கடிதக் காலத்தில் இந்தச் செய்தி உங்களை எட்டும்போது நெல் போட்டுப் பணமே கைக்கு வந்திருக்கும். இப்போது மழையும் அதே நிமிடத்தில் வந்துவிடுகிறது, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிக்க மட்டும் உங்களால் முடியாது. இந்தக் கையாலாகாத்தனம் புதுசு, மாமாவுக்குத் தெரியாதது. எதையும் மறைக்க வேண்டாம், மூடி முடித்த பிறகு கூப்பிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள். அவருக்கும் அந்த நேரத்தில் இரண்டு கையும் வேண்டும்.

இதையெல்லாம் செய்தும் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், வகுப்புக்குப் போகாத நாட்கள் கூடினால் காத்திருக்காதீர்கள். ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் விடுதியையும் உணவகத்தையும் நடத்தும் ஸ்டுடீரெண்டன்வெர்க் என்ற அமைப்பு மாணவர்களுக்கு உளநல ஆலோசனையும் தருகிறது. நேரில் போய் நேரம் கேளுங்கள். அம்மாவிடம் அதை அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.