வாசகர் கேள்வி: தூதருக்கு இன்னும் வேலை இருக்கா?

கேள்வி: ரெண்டு நாட்டுத் தலைவர்களும் வீடியோ கால்ல நேரடியாவே பேசிக்கிறாங்க, அப்புறம் எதுக்குங்க வெளிநாட்டுல தூதர்?

பதில்: நியாயமான கேள்விதாங்க. 1814 டிசம்பர் 24ல இப்போ பெல்ஜியத்துல இருக்குற கெண்ட் (Ghent) நகரத்துல பிரிட்டனும் அமெரிக்காவும் சமாதான ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சு, ஆனா சேதி கப்பல்ல வர்றதுக்குள்ள 1815 ஜனவரி 8ல அமெரிக்காவோட நியூ ஆர்லியன்ஸ்ல பெரிய சண்டையே நடந்து நூத்துக்கணக்கான பேர் செத்துட்டாங்க, நினைச்சாலே மனசு கனக்குது. அந்தக் காலத்துல தூதர் தானே முடிவெடுக்கணும். தந்தி வந்த பிறகு தலைநகரத்துல இருந்தே உத்தரவு வர ஆரம்பிச்சுது, தூதரோட சுதந்திரம் குறைஞ்சு போச்சு.

ஆனா வேகம் மட்டும் போதாது. 1962ல கியூபாவுல சோவியத் ஏவுகணை வச்சதால அமெரிக்காவோட போர் மூளப் பார்த்த நெருக்கடியில, ரெண்டு தலைவர்களோட கடிதம் போய்ச்சேரவே மணிக்கணக்கா ஆனதால 1963ல மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் ஹாட்லைன், அதாவது நேரடித் தொடர்பு, போட்டாங்க. எல்லாரும் சிவப்பு டெலிபோன்னு நினைக்கிறோம், அது டெலிபிரிண்டர்ங்க! அவசரத்துல வாய்ல வர்ற வார்த்தை தப்பா புரிஞ்சிடக் கூடாதுன்னு எழுத்தா அனுப்புற மாதிரி வச்சாங்க.

இன்னொரு சிக்கல் ரகசியம். 2010ல ரகசிய ஆவணங்களை வெளியிடுற விக்கிலீக்ஸ் இணையதளத்துல அமெரிக்கத் தூதரகக் கேபிள்கள், அதாவது தூதரகங்கள் அனுப்புற உள் அறிக்கைகள், ரெண்டரை லட்சத்துக்கும் மேல கசிஞ்சுது, அதுக்கப்புறம் மனசுவிட்டு எழுதவே தூதருக்கும் தயக்கம் வரும், அவர்கிட்ட பேசுறவங்களுக்கும் பயம் வரும்ல? அதனாலதான் நேர்ல உக்காந்து பேசி, எதிர்ல இருக்கவர் எதைச் சொல்லத் தயங்குறார்னு கவனிக்க அங்கயே ஒரு ஆள் வேணும்ங்கிறேன், அதை வீடியோ கால் தராதுங்க.