மிடி கேபிள் சொருகியும் கீபோர்டு சத்தம் பதிவாகவில்லையே?

கேள்வி: என் பழைய கீபோர்டின் பின்னால் வட்டமான ஐந்து ஊசி மிடி சாக்கெட் இருக்கிறது. யூஎஸ்பி மிடி கேபிள் வாங்கி விண்டோஸ் லேப்டாப்பில் சொருகினேன். கேபிளில் லைட் மினுங்குகிறது, ஆனால் கீபோர்டின் சத்தம் பதிவாகவில்லை. மென்பொருளில் இருக்கும் பியானோவை வாசித்தால் சத்தம் தாமதமாக வருகிறது. கேபிள் சரியில்லையா?

பதில்: கேபிளை மாற்ற வேண்டாம், அது தன் வேலையைச் செய்கிறது. 1983இல் வந்த இந்த மிடி முறையில் சத்தம் போகவே போகாது. எந்தக் கட்டையை அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள், எப்போது விட்டீர்கள் என்ற தகவல்தான் எண்களாகப் போகும். நடு சி-க்கு 60, வேகத்துக்கு 1 முதல் 127 வரை, அவ்வளவுதான். லைட்டே மினுங்காதவர்கள் கேபிளின் இரண்டு வட்ட மிடி முனைகளையும் மாற்றிச் சொருகிப் பாருங்கள், எதுவும் கெட்டுப்போகாது. கீபோர்டின் அவுட், கேபிளின் இன்னுக்குப் போக வேண்டும். சில கேபிள்களில் எழுதியிருப்பதே குழப்பும்.

தாமதத்துக்கும் கேபிள் காரணமில்லை. ஒரு ஸ்வரத்தின் தகவல் மிடி கேபிளைக் கடக்க ஒரு மில்லி செகண்டு கூட ஆகாது. லேப்டாப் அந்தத் தகவலைச் சத்தமாக்கி வெளியே விடும் இடத்தில்தான் நேரம் போகிறது. மென்பொருளின் ஆடியோ செட்டிங்கில் பஃபர் அளவைப் பாருங்கள், அதாவது சத்தத்தை வெளியே விடுமுன் லேப்டாப் சேர்த்து வைக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கை: செகண்டுக்கு 44,100 சாம்பிள் வேகத்தில் 1024 என்றால் அதற்கே சுமார் 23 மில்லி செகண்டு, 256 என்றால் 6க்குள். 256 வையுங்கள், சத்தம் வெடித்து வெடித்து வந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். அதைவிட முக்கியம், விண்டோஸின் சாதாரண ஆடியோ டிரைவரை விட்டுவிட்டு, தாமதத்தைக் குறைக்கவென்றே உள்ள ஏசியோ (ASIO) டிரைவரைத் தேர்ந்தெடுப்பது. ஆடியோ இன்டர்ஃபேஸ் (சத்தத்தை லேப்டாப்புக்குள் எடுக்கவும் வெளியே விடவும் உதவும் தனிப் பெட்டி) இல்லையென்றால் இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ ஃபார் ஆல் (ASIO4ALL) டிரைவர் போதும். அப்புறம், தயவுசெய்து புளூடூத் ஹெட்போனில் வாசிக்காதீர்கள், என்ன செட்டிங் மாற்றினாலும் அதன் தாமதம் போகாது.

சரி, கீபோர்டின் சொந்த சத்தம்தான் வேண்டுமா? பழைய கீபோர்டுகளின் ஸ்ட்ரிங்ஸ் சிலவற்றுக்கு ஒரு தனி அழகு உண்டு, ஆசைப்படுவது நியாயமே. அதற்கு மிடி உதவாது. கீபோர்டின் லைன் அவுட்டிலிருந்து இடது, வலது என இரண்டு ஒயர் எடுத்து ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் கொடுங்கள். லேப்டாப்பின் ஹெட்செட் ஓட்டையில் கொடுக்க வேண்டாம், அது மைக்குக்கான மோனோ இன்புட், சத்தம் கிழியும்.

மிடி கேபிள், லைன் அவுட் ஒயர் இரண்டையும் ஒன்றாக இணைத்து, ஒரே ஸ்வரம் இரட்டையாகக் கேட்டால் கீபோர்டு மெனுவில் லோக்கல் கன்ட்ரோலை (கட்டையை அழுத்தினால் கீபோர்டே நேரடியாகச் சத்தம் எழுப்பும் வசதியை) ஆஃப் செய்யுங்கள்.